கோசோங்

"கோசோங்" என்ற சொல்லை முகம்மது கனி அன்று இரண்டு தடவை சொன்னார். சொன்னதை அவர் எந்தக் காலத்திலும் மறுக்கவில்லை. சொல்லவே இல்லை என்று சாதித்திருந்தால் அவருக்கு எவ்வளவோ வசதியாக இருந்திருக்கும். விமானத்துக்குள் மூன்றாவது ஆள் கிடையாது, சாட்சிக்கு யார் வரப்போகிறார்கள்? ஆனால் அவர் அந்த ரகமில்லை.

பினாங்கில் பிறந்தவனுக்கு இந்த மலாய்ச் சொல்லை விளக்க வேண்டியதில்லை. சீனி போடாத தேத்தண்ணீர் கோசோங். ஆளில்லாத வீடு கோசோங். பஸ்ஸில் உட்கார இடம் இருந்தால் அதுவும் கோசோங். டெலிபோன் நம்பரில் வருகிற சைபருக்கும் அதே பெயர்தான். ஒன்றுமில்லை என்பதற்கும் சைபர் என்பதற்கும் ஒரே சொல்லை வைத்துக்கொண்டு இந்த ஊர் இத்தனை காலமாகப் பிழைத்து வந்திருக்கிறது. அதனால் யாருக்கும் ஒரு கேடும் வந்ததில்லை. பெட்டி வந்த பிறகுதான் வந்தது.

கனிக்குச் சூலியா தெருவில் படக்கடை. வயது அறுபதை நெருங்கிக்கொண்டிருந்தது. படிப்பு ஆறாம் வகுப்போடு சரி. கல்யாணப் படம், பாஸ்போர்ட் படம் எல்லாம் எடுப்பார், ஆனால் அவருக்கு உயிர் ஆகாயத்திலிருந்து எடுக்கும் படம்தான். எஸ்டேட்காரர்களுக்கும் வீடு கட்டி விற்கிற கம்பெனிகளுக்கும் மேலிருந்து எடுத்த படம் வேண்டியிருக்கும். பாயான் லெப்பாஸ் விமான நிலையத்தின் ஓரத்தில் பறக்கும் கிளப் ஒன்று இருந்தது. அதன் சின்ன விமானத்தில், ஓட்டுகிறவருக்கு வலப்பக்கத்து இருக்கையில் கனி உட்காருவார். ஜன்னலை மேலே தூக்கிவிட்டுக் கேமராவை வெளியே நீட்டுவார். பாயான் பாரு வயலாகக் கிடந்த காலத்திலிருந்து அவர் அதைப் படம் பிடித்திருக்கிறார். அந்த இருக்கையில் வேறு யாராவது உட்கார்ந்தால் அவருக்கு முகம் கறுத்துவிடும்.

ஓட்டுகிறவர் குலசேகரம். கிளப்பின் தலைமைப் பயிற்சியாளர். யாழ்ப்பாணத்து வம்சம், தகப்பனார் ரயில்வேயில் கிராணியாக, அதாவது குமாஸ்தாவாக இருந்தவர். எவ்வளவு குலுக்கினாலும் வெள்ளைச் சட்டை கசங்காமல் விமானத்திலிருந்து இறங்கத் தெரிந்த மனிதர். கனியைவிடப் பத்து வயது இளையவர். இரண்டு பேருக்கும் இடையில் பேசி வைக்காத ஓர் ஏற்பாடு இருந்தது. இடப்பக்கத்து வானம் குலசேகரத்துக்கு, வலப்பக்கத்து வானம் கனிக்கு. பருந்து ஒன்று குறுக்கே வந்தாலும் கனி போடுகிற சத்தத்தில் குலசேகரத்துக்குக் காது அடைத்துப் போகும்.

பெட்டியைக் கொண்டுவந்தவர் கிளப்பின் செயலாளர் அப்துல் ஹமீது. பாயான் பாரு பக்கத்து மின்னணுத் தொழிற்சாலை ஒன்றில் எஞ்சினியர், ஞாயிற்றுக்கிழமைகளில் தானும் விமானம் ஓட்டுகிறவர். சிங்கப்பூர் கண்காட்சியில் அதைப் பார்த்துவிட்டு வந்து, கமிட்டியில் பேசிப் பேசியே எல்லா விமானத்திலும் மாட்ட வைத்தார். சாப்பாட்டு டப்பா அளவில் இருக்கும். பக்கத்தில் வேறு விமானம் வந்தால் சொல்லிவிடும். முகப்பில் இரண்டு எண் தெரியும். இடது எண், அடுத்த விமானம் எத்தனை மைலில் இருக்கிறது என்பது. வலது எண், அது நம்மைவிட எத்தனை நூறு அடி மேலே அல்லது கீழே என்பது, எப்போதும் இரண்டு இலக்கத்தில். பக்கத்தில் யாருமில்லை என்றால் எண்ணுக்குப் பதில் வெறும் கோடுகள்.

"இமைக்காத கண்ணு, நானா," என்றார் ஹமீது, முதல் நாள் அதை ஒட்டும்போது. கனியை அவர் கூப்பிடுவது அப்படித்தான், நானா என்றால் அண்ணன்.

கனி பெட்டியைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "கண்ணு எங்க இருக்கு இதுல? கண்ணாடி ஒண்ணையும் காணோமே."

ஹமீது விளக்கினார். விமானங்களில் ஒரு கருவி இருக்கிறது, கீழேயிருந்து ராடார் கூப்பிட்டால் அது பதில் சொல்லும். இந்தப் பெட்டி அந்தப் பதிலைப் பிடித்துக் கணக்குப் போடுகிறது.

"அப்ப ஒட்டுக் கேக்குதுன்னு சொல்லு. இது கண்ணு இல்ல தம்பி, காது. எதிர்ல வர்றவன் வாயைத் திறக்கலேன்னா?"

"எல்லாரும் திறப்பாங்க லா."

"திறக்காதவன் ஒருத்தன் வருவான். எனக்குன்னு வருவான்."

கனிக்கு எதன் மேலும் நம்பிக்கை வராது. கடையில் ஒளி அளக்கும் கருவி இருந்தாலும் உள்ளங்கையை வெயிலில் நீட்டிப் பார்த்த பிறகுதான் கேமராவைத் திருகுவார். ஆனால் பெட்டி விஷயத்தில் அவர் எவ்வளவு திட்டினாலும் ஒன்று நடந்துவிட்டது. இடப்பக்கம் இடமில்லை என்று ஹமீது அதை வலப்பக்கத்து முகப்புப் பலகையில் ஒட்டியிருந்தார். வெயில் விழுந்தால் குலசேகரத்துக்கு எண் தெரியாது. அதனால் "கனிண்ணே, என்ன காட்டுது?" என்று கேட்பார். கனி பார்த்துச் சொல்லுவார். முக்கால்வாசி நேரம் கோடுதான் இருக்கும், "கோசோங்" என்பார். குலசேகரம் திருப்புவார். இப்படி மாதக்கணக்கில் போயிற்று.

பெட்டிக்குச் சத்தமும் உண்டு. ஆள் பக்கத்தில் வந்தால் கீ கீ என்று கத்தும். ஆனால் அது தரையில் நிற்கும்போதும் கத்தியது, பெரிய விமானம் எங்கேயோ இறங்கினாலும் கத்தியது, சில நாள் தன் சொந்த விமானத்தின் பதிலையே கேட்டுப் பயந்துபோய்க் கத்தியது. எரிச்சல் தாங்காமல் குலசேகரம் சத்தத்தை அணைத்துவிட்டார்.

அன்று நிபோங் திபால் பக்கம் எண்ணெய்ப்பனை எஸ்டேட்டில் வேலை. புதிதாகக் கட்டிய ஆலையை நாலு பக்கமும் எடுக்க வேண்டும். லேசான புகைமூட்டம், ஆனால் படத்துக்குப் போதுமான வெளிச்சம் இருந்தது. ஒரு சுற்று முடிந்தது. கனி ரோல் மாற்றிக்கொண்டிருந்தார். பழைய ரோல் டப்பா பல்லிடுக்கில், புதுசு விரலிடுக்கில், கேமரா மடியில் திறந்து கிடந்தது. ஜன்னல் வழியாகக் காற்று அடித்தது.

"கனிண்ணே, வலது திருப்பறேன். என்ன காட்டுது?"

கனி நிமிர்ந்து பெட்டியைப் பார்த்தார். வலது எண்ணின் இடத்தில் இரண்டு சைபர் இருந்தது.

"கோசோங்… கோசோங்," என்றார், டப்பாவைக் கடித்தபடியே.

குலசேகரம் வலது இறக்கையைச் சாய்த்தார்.

அடுத்த கணம் கண்ணாடி முழுக்க ஒரு வெள்ளை வயிறு. சிவப்புக் கோடு போட்ட வெள்ளை வயிறு, அதன் கீழே தொங்குகிற சக்கரம். எதிரில் வந்தவன் தன் விமானத்தைத் தூக்கினான், குலசேகரம் மூக்கைக் கீழே குத்தினார். இரண்டு பேரும் ஒரே பக்கம் போயிருந்தால் இந்தக் கதையைச் சொல்ல ஆள் இருந்திருக்காது. கனியின் தலை கூரையில் மோதியது. வாயிலிருந்த டப்பா, ஆலையின் நல்ல படங்கள் எல்லாவற்றோடும், ஜன்னல் வழியாகப் பனைமரங்களுக்குள் போயிற்று.

விமானம் நிமிர்ந்ததும் குலசேகரம் கத்தினார். இத்தனை வருஷத்தில் அவர் கத்திக் கனி கேட்டதில்லை.

"கோசோங்னீங்களே!"

"கோசோங்தானே இருக்கு! நீயே பாரு!"

இரண்டு பேரும் பெட்டியைக் குனிந்து பார்த்தார்கள். இரண்டு சைபரும் பளிச் பளிச்சென்று மின்னிக்கொண்டிருந்தன. குலசேகரத்துக்கு முகத்தில் ரத்தமே இல்லை. வலது எண் சைபர் என்றால் அடுத்தவன் நமக்கு மேலேயும் இல்லை, கீழேயும் இல்லை, நம் உயரத்திலேயே வருகிறான். பெட்டி காட்டுவதிலேயே ஆபத்தான எண் அதுதான். அதை இந்த ஊர் வாயில் சொன்னால், யாருமே இல்லை என்று அர்த்தமாகிவிடுகிறது.

அப்போதுதான் கனிக்கு உறைத்தது. அந்த வெள்ளை விமானம் எந்தப் பக்கம் போனது என்று இரண்டு பேருக்குமே தெரியாது. செத்துப் பிழைத்த பிறகும் இரண்டு பேரும் பெட்டியைத்தான் பார்த்துக்கொண்டிருக்கிறார்கள்.

"வெளிய பாருடா!" என்று கனி அலறினார்.

கிளப்பில் இறங்கியபோது ஹமீது வாசலிலேயே நின்றார். எதிரில் வந்தவன் ஈப்போ ஆள், போய் இறங்கியதும் போன் போட்டு வசவு வசவென்று வைதிருக்கிறான். ஹமீது நடந்ததைக் கேட்டார். கேட்டதும் அவர் முகத்தில் வந்தது, யா அல்லாஹ், நிம்மதி.

"அப்ப பெட்டி சரியாத்தான் சொல்லியிருக்கு! சைபர் சைபர். பெர்ஃபெக்ட்டா வேலை செஞ்சிருக்கு. சொன்னதை வாசிக்கத் தெரியலேன்னா பெட்டி என்ன பண்ணும்?"

"பெட்டி நல்லாருக்கு, தம்பி," என்றார் கனி. "நாங்கதான் சாகப் பார்த்தோம். செத்தவங்களுக்கு ஓதற பாத்திஹாவை நீ பெட்டிக்கு ஓதாம விட்டியே, சந்தோஷம்."

குலசேகரம் கனியின் தோளைப் பிடித்து, விமானங்கள் நிறுத்தும் கொட்டகையின் பின்பக்கம் அழைத்துப் போனார். அங்கே வைத்துச் சொன்னார். சனிக்கிழமை கமிட்டி கூடுகிறது. எண் தெரியாமல், வெளியேயும் பார்க்காமல் தலைமைப் பயிற்சியாளர் திருப்பினார் என்று ஆனால் அந்தப் பதவி போய்விடும். பக்கத்தில் இருந்தவர் தப்பாக வாசித்துச் சொன்னார் என்று ஆனால் ஒன்றும் ஆகாது.

"ஒரே ஒரு வார்த்தை, கனிண்ணே. 'தப்பா வாசிச்சிட்டேன்'னு சொல்லிடுங்க. உங்களை யாரும் ஒண்ணும் செய்ய மாட்டாங்க. சீட்டு உங்களுக்குத்தான். நான் பொறுப்பு."

கனி தோளை விடுவித்துக்கொண்டார். மோட்டார் சைக்கிளை எடுத்துக்கொண்டு சுங்கை பினாங்கு அடுக்குமாடி வீட்டுக்குக் கிளம்பினார். தொழிற்சாலை ஷிப்டு விட்டு வந்த பெண்பிள்ளைகளின் பஸ்களுக்கு நடுவே புகுந்து புகுந்து போகும்போது ஒரே யோசனை. நான் என்ன நினைத்துச் சொன்னேன்? எண்ணை வாசித்தேனா, ஆளில்லை என்றேனா? எவ்வளவு துருவினாலும் தெரியவில்லை. நாக்கு சொல்லியது. டெலிபோன் நம்பரைச் சொல்லுகிற மாதிரிச் சொல்லியது. குலசேகரத்தின் காதில் விழுந்தது வேறு.

வீட்டில் மனைவி ஹபீபா பீவிக்கு விஷயம் முன்பே வந்து சேர்ந்திருந்தது. அந்த அடுக்குமாடியில் செய்தி லிப்டில் வராது, படியில் ஓடிவரும்.

"சொல்லிட்டுப் போங்களேன். வாயில இருக்கிற முத்து உதிர்ந்திடுமா? அந்தக் குலசேகரம் உங்களுக்கு எவ்வளவு செஞ்சிருக்காரு."

"நான் தப்பா வாசிக்கல, பீவி. ரெண்டு சைபர் இருந்துச்சு, ரெண்டு சைபர் வாசிச்சேன்."

"அப்ப யார் மேல தப்பு?"

"அந்தச் சனியன் பிடிச்ச பெட்டி மேல."

"பெட்டிதான் கரெக்டா காட்டுச்சுன்னு நீங்களே சொல்றீங்க!" அவருக்குப் பொறுமை போய்விட்டது. "ஏங்க, நீங்க கண்ணை எங்க வச்சிருந்தீங்க? காக்கா பறந்தாக் கூட கத்துவீங்களே மேல. அவ்ளோ பெரிய ஏரோப்ளேன் வந்திருக்கு, கண்ணு தெரியலயா?"

கேலியாகத்தான் கேட்டார். கனிக்கு அது நெஞ்சில் போய்ச் செருகிக்கொண்டது. பெட்டி வந்ததிலிருந்து அவர் பருந்துக்குக்கூடச் சத்தம் போட்டதில்லை. வலப்பக்கத்து வானத்தை அவர் பார்ப்பதையே விட்டிருந்தார். நம்பவே நம்பாத ஒரு பெட்டியிடம் அதை ஒப்படைத்துவிட்டு ரோல் மாற்றிக்கொண்டிருந்தார்.

சனிக்கிழமை கமிட்டி. தலைவர் டாக்டர் கதிர்காமநாதன் ஓய்வுபெற்ற பல் டாக்டர். ஆயுள் முழுக்க மற்றவர்களை வாயைத் திறக்கச் சொன்னவர், அன்று கனியின் வாயை மூட வேண்டியிருந்தது.

"மிஸ்டர் கனி, லெட் அஸ் பீ சிம்பிள். நீங்க எண்ணைத் தவறா வாசிச்சுட்டீங்கன்னு ஒத்துக்கிட்டா, ஒரு வார்னிங். அவ்வளவுதான். திரும்பப் பறக்கலாம்."

"தப்பா வாசிக்கல, டாக்டர். சைபர் இருந்துச்சு, சைபர் வாசிச்சேன். எங்க வீட்டுல, கடையில, பாசார்ல எல்லாம் சைபருக்குக் கோசோங்னுதான் பேரு. உங்க வீட்டுல என்ன பேரு?"

ஓரத்தில் யாரோ சிரித்தார்கள். ஹமீது எழுந்து போய்ப் பலகையில் இரண்டு சைபர் போட்டார். "டாக்டர், இது என்ன?"

"சேம் லெவல்," என்றார் டாக்டர் உடனே. ஹமீது அங்கிருந்த விமானிகள் பக்கம் திரும்பினார். எல்லாரும் அதையேதான் சொன்னார்கள், ஒருவர்கூடப் பிசகவில்லை.

"பார்த்தீங்களா நானா? யாருக்கும் குழப்பமே இல்ல."

கனிக்கு முகம் சூடாகியது. உண்மைதான், ஒருவருக்கும் குழப்பமில்லை. விடை தெரிந்த பிறகு கேள்வி கேட்டால் யாருக்குத்தான் குழப்பம் வரும்?

"இவங்கெல்லாம் காத்தாடிக்குக் கீழ நாற்காலியில உக்காந்து வாசிக்கிறாங்க. வாயில டப்பாவைக் கடிச்சுக்கிட்டு வாசிக்கச் சொல்லு. அதுவும் வேணாம், விடு. நான் தோத்ததாவே வச்சுக்க." அவர் எழுந்து நின்றார். "ஆனா ஒண்ணு சொல்றேன், அதையும் எழுதிக்குங்க. அன்னிக்கு அந்த விமானத்துல நான் வெளிய பார்க்கல. கேப்டனும் பார்க்கல. பெட்டி வர்றதுக்கு முன்னாடி ரெண்டு பேரும் பார்த்தோம். ஒருத்தனும் இவ்ளோ கிட்ட வந்ததில்ல. பெட்டியைத் தூக்கிப் போடச் சொல்லல நான். பெட்டியைப் பார்த்துக்கிட்டு வானத்தைப் பார்க்காம விட்டோம்னு எழுதுங்க. அப்படி எழுதுனா எங்க வேணாலும் கையெழுத்துப் போடறேன்."

"அப்படி எழுதினா அது சீஃப் இன்ஸ்ட்ரக்டர் மேல வரும்," என்றார் டாக்டர் மெதுவாக.

கனி குலசேகரத்தின் பக்கம் திரும்பவில்லை. திரும்பினால் தன் வாய் தானாக "தப்புதான்" என்று சொல்லிவிடும் என்று அவருக்குப் பயம்.

"யாராவது ஒருத்தன் சீட்டு வேணும்னா என் சீட்டை எடுத்துக்குங்க. சொன்ன வார்த்தையை மட்டும் மாத்த மாட்டேன்."

நாற்காலி ஒன்று பின்னால் நகர்ந்தது. குலசேகரம் எழுந்திருந்தார். சட்டை வழக்கம்போல மடிப்புக் கலையாமல் இருந்தது, குரல்தான் கலைந்திருந்தது.

"பெட்டியோட சத்தத்தை அணைச்சு வச்சது நான். 'கோசோங்'னு காதுல விழுந்தது, எனக்கு அதுதான் வேண்டியிருந்தது, திருப்பிட்டேன். வெளிய பார்க்கல." உட்காருமுன் கனியைப் பார்த்து ஒரு வார்த்தை சேர்த்தார். "திருப்திதானே?"

தீர்ப்பு அன்றே வந்தது. குலசேகரத்துக்குத் தலைமைப் பதவி போயிற்று. மறுபடி சோதனை கொடுத்துத் தேறும்வரை பறக்கவும் கூடாது. கனி இனிக் கிளப் விமானத்தில் ஏறக்கூடாது. அடுத்த வாரம் அறிவிப்புப் பலகையில் இங்கிலீஷில் ஒரு தாள் ஒட்டினார்கள். விமானத்துக்குள் "கோசோங்" என்ற சொல்லை யாரும் பயன்படுத்தக் கூடாது, "சீரோ" என்றுதான் சொல்ல வேண்டும் என்று அதில் இருந்தது. அவ்வளவுதான் இருந்தது. கனி மேலிருந்து கீழ்வரை ஒருவரைக் கூட்டி வாசிக்கச் சொல்லிக் கேட்டார். வெளியே பார் என்று ஒரு வரி, பேருக்காவது ஒரு வரி, எங்கேயும் இல்லை.

"சொல்லைப் பிடிச்சு ஜெயில்ல போட்டுட்டாங்க," என்றார். "குற்றவாளி இன்னும் எல்லா விமானத்துலயும் பறந்துக்கிட்டு இருக்கான்."

அதைக் கேட்டுக்கொண்டு வந்த ஹமீது, "நானா, நீங்க மெம்பர் இல்ல. இனி இந்தக் கேட்டைத் தாண்டி வரக்கூடாது," என்றார்.

"சரி தம்பி. வானத்துக்குக் கேட்டு எங்க போட்டிருக்கே, அதையும் சொல்லிடு. அந்தப் பக்கமும் போகாம இருந்துக்கறேன்."

வீட்டுக்கு வந்து இரண்டு நாள் கடையைத் திறக்காமல் படுத்துக் கிடந்தார். குலசேகரம் போன் எடுக்கவில்லை. அது வலித்தது. மேலே ஏதாவது விமானச் சத்தம் கேட்டால் அதுவும் வலித்தது. மூன்றாம் நாள் ஹபீபா பீவி, "படுத்துக்கிட்டே சாதிக்கப் போறீங்களா?" என்று கேட்டு விளக்குமாற்றால் கட்டிலைத் தட்டியதும் எழுந்தார். கடைக்குப் போய், கல்யாண மண்டபங்களில் தூரத்திலிருந்து எடுக்க வைத்திருந்த நீளமான லென்ஸைத் துடைத்துப் பையில் வைத்தார்.

விமான நிலையத்துக்குத் தெற்கே, கடலோரத்தில், மீனவர்கள் வலை காயப்போடுகிற இடம் ஒன்று உண்டு. இறங்குகிற விமானம் அங்கே தலைக்கு மேலே இரண்டு தென்னை உயரத்தில் வரும். அது யார் வேண்டுமானாலும் நிற்கிற பொது இடம், கிளப் கேட்டுக்கு வெளியே. ஞாயிற்றுக்கிழமை காலையில் கனி அங்கே போய் நின்றார், விமானத்தின் இடப்பக்கம் தெரிகிற மாதிரி. ஓட்டுகிறவன் உட்காருவது அந்தப் பக்கம்தான்.

கிளப்பின் சின்ன விமானங்கள் ஒவ்வொன்றாக இறங்கின. ஒவ்வொன்றையும் எடுத்தார். அடுத்த ஞாயிறும் போனார். அதற்கடுத்ததும் போனார்.

கழுவிப் பார்த்தபோது இருட்டறையிலேயே சிரித்துவிட்டார். படங்களில் முகமே இல்லை. எல்லாம் காதுகளும் பிடரிகளும். இறங்குகிற நேரம், பெட்டி கத்துகிற நேரம். எதிரே ஓடுதளம், பக்கத்தில் வானம், சுற்றிலும் மற்ற விமானங்கள். ஓட்டுகிறவன் கழுத்தை வலப்பக்கம் திருப்பிப் பெட்டியைப் பார்த்துக்கொண்டிருக்கிறான். எல்லாரும் அப்படி இல்லை, சிலர் நேராகப் பார்த்தார்கள். அந்தப் படங்களை அவர் தனியே வைத்தார்.

கடை ஜன்னலில் இருந்த மாப்பிள்ளை பெண் படங்களை எல்லாம் இறக்கினார். காதுகளைப் பெரிதாகப் போட்டு வரிசையாக மாட்டினார். விமானத்தின் பதிவு எழுத்துகள் தெளிவாகத் தெரிந்தன. கீழே சிவப்பு மையில், எல்லா இனத்தாரும் படிக்கட்டும் என்று மலாயில், "வெளியே பார்" என்று எழுதினார். சூலியா தெருவில் நாசி கண்டார் சாப்பிட வந்தவர்கள் கையைக்கூடக் கழுவாமல் வந்து நின்று பார்த்தார்கள். எது யார் காது என்று ஊருக்குள் பந்தயம் கட்டுகிற அளவுக்கு ஆயிற்று.

ஒரு மத்தியானம் குலசேகரம் வந்தார். லைசென்ஸைப் புதுப்பிக்கப் படம் வேண்டும் என்றார். சோதனை கொடுத்துத் தேறி மறுபடி பறக்கிறார், பதவி மட்டும் திரும்பி வரவில்லை. ஸ்டூலில் விறைப்பாக உட்கார்ந்து படம் எடுத்துக்கொண்டார். போகும்போது ஜன்னலில் நின்று ஒவ்வொன்றாகப் பார்த்தார்.

"என் காதைக் காணோமே."

"நீ நேராப் பார்த்துக்கிட்டு வர்றே. அதைப் போட்டா எவன் நின்னு பார்ப்பான்?"

குலசேகரம் சிரிக்கவில்லை. ஆனால் கடையை விட்டு உடனே போகவுமில்லை. "உங்க மேல கோபம் இன்னும் போகல, கனிண்ணே," என்றார்.

"போக வேணாம், வச்சுக்க. நீ மேல இருந்து முழுசா இறங்கி வந்தாத்தானே என் மேல கோபப்பட முடியும்?"

ஹமீது வந்தது அதற்குப் பிறகு. கார் கதவைச் சாத்தியதிலேயே கோபம் தெரிந்தது. ஜன்னலின் நடுவில் இருந்த படத்தைக் காட்டினார்.

"இது என் காதுதானே?"

"உன்னுதுதான். மச்சம் பாரு, எவ்ளோ சுத்தமா விழுந்திருக்கு."

"ஆபீஸ்ல எல்லாரும் கேக்கறாங்க, நானா. என் மகன் ஸ்கூல்ல கேக்கறாங்க. கிளப் மானம் போகுது."

"கிளப் மானம் உன் காதுலயா இருக்கு?"

ஹமீது ஸ்டூலில் உட்கார்ந்தார். குரலை இறக்கினார். "சரி. கமிட்டியில பேசிட்டேன். டாக்டரும் சரின்னுட்டாரு. உங்க சீட்டு உங்களுக்கே. முன்ன மாதிரியே வலப்பக்கம், ஜன்னலைத் திறந்துக்கலாம். நாளைக்கே ஏறலாம். இந்தப் படங்களை மட்டும் இறக்கிடுங்க."

கனிக்கு ஒரு கணம் காற்று முகத்தில் அடித்தது. மேலே தூக்கிய ஜன்னல், கீழே பச்சைப் பச்சையாய்ப் பனை வரிசை, ஆற்றின் வளைவு. அவர் உள்ளங்கை தானாகப் பேன்டில் தேய்ந்தது. ஆம் என்று சொல்ல நாக்கு நுனிக்கு வந்துவிட்டது.

"தாளை மாத்துனீங்களா?"

"எந்தத் தாளை?"

"பலகையில ஒட்டுனியே. வெளிய பாருன்னு ஒரு வரி சேர்த்தியா?"

"அது எல்லாருக்கும் தெரிஞ்சதுதானே நானா. அதைப் போய் எழுதணுமா?"

"தெரிஞ்சதுதான். உன் காதுக்கு மட்டும் தெரியல." கனி எழுந்து கடைக் கதவைத் திறந்து பிடித்தார். "படம் இருக்கும், தம்பி. சீட்டை வேற யாருக்காவது குடு. உன் காதை இறக்கணும்னா ஒரே வழிதான். மூஞ்சியைக் காட்டு. அதை எடுத்து அதே இடத்துல மாட்டறேன்."

"உங்களுக்குப் பைத்தியம்!"

"இருக்கட்டும் லா. பைத்தியக்காரன் நிக்கிற இடம் உனக்குத் தெரியும்."

ஞாயிற்றுக்கிழமை காற்று வடக்கிலிருந்து வீசியது. வலைகள் கம்பங்களில் படபடத்தன. கனி வழக்கமான இடத்தில் லென்ஸைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு நின்றார். முதலில் வந்தது குலசேகரம். நேராகப் பார்த்தபடி இறங்கினார், கனியைக் கவனித்ததாகக் காட்டிக்கொள்ளவில்லை. அடுத்ததும் போயிற்று. மூன்றாவதின் எழுத்துகளைத் தூரத்திலேயே கனி கண்டுகொண்டார். ஹமீதின் விமானம்.

அது நெருங்க நெருங்க லென்ஸுக்குள் ஜன்னல் பெரிதாகியது. அங்கே காது இல்லை. ஒரு தலை இடமும் வலமும் திரும்பித் திரும்பி எதையோ தேடிக்கொண்டிருந்தது. ஓடுதளத்தைப் பார்த்தது, வானத்தைப் பார்த்தது, கடற்கரையை அங்குலம் அங்குலமாகத் துழாவியது. வலைகளுக்கு நடுவே கனி நிற்பதைக் கண்டதும் நின்றது. ஜன்னல் கண்ணாடியில் மூக்கு நசுங்க, கண்ணை உருட்டிக்கொண்டு, வாய் நிறையக் கெட்ட வார்த்தையோடு, முழு முகம்.

கனி அதை எடுத்தார்.